மைசூரில் இரண்டு இரவு, முதுமலையில் இரண்டு இரவு: நண்பர்கள் கூட்டத்துக்கு ஒரு பயண வழிகாட்டி

மைசூரிலிருந்து முதுமலைக்குப் போகும் வழியில், பந்திப்பூர்க் காட்டின் வாசலில் இருக்கும் சோதனைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி 9.07. குறுக்குக் கம்பம் இறங்கியிருந்தது. காவலர் எங்கள் வண்டியையும் உள்ளே இருந்த எட்டுத் தலைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெளிக்கெ ஆறு கண்டெ" என்றார். காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று அர்த்தம். எங்களில் ஒருவன் கெஞ்சினான், ஒருவன் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். கம்பம் எழவில்லை. குண்டலுப்பேட்டைக்குத் திரும்பி, பஸ் நிலையத்தின் அருகே ஒரு லாட்ஜில் கொசுக்கடியோடு படுத்தோம். மறுநாள் காலை 6.30 மணிக்கு முதுமலையின் தெப்பக்காட்டில் பதிவு செய்திருந்த சஃபாரியும் போயிற்று. இத்தனைக்கும் காரணம், மைசூரில் ஒரு நண்பன் அம்மாவுக்குப் பட்டுப் புடவை தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட முக்கால் மணி நேரமும், நஞ்சன்கூட்டில் குடித்த ஒரு தேநீரும்தான்.

அடுத்த முறை திட்டத்தைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் காட்டின் நேரங்களை எழுதினோம்: சாலை எப்போது திறக்கும், எப்போது மூடும், சஃபாரி எப்போது, யானை முகாம் எப்போது. மைசூரை மிச்சமிருந்த நேரத்தில் பொருத்தினோம். அரண்மனை நாளைக்கும் அங்கேயே நிற்கும், தோசைக் கடை இரவு வரை திறந்திருக்கும். காட்டு நேரத்தைத்தான் நம் வசதிக்கு நகர்த்த முடியாது. கீழே இருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் திட்டம். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் ரயிலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலரில் எட்டுப் பேர் மூட்டையோடு தாராளமாக உட்காரலாம். அறைக்கு இருவர் என்றால் நான்கு அறை. உணவகத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டால் போதும். பத்தைத் தாண்டினால் கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மற்றப் பாதிக்காகக் காத்திருப்பதே பயணமாகிவிடும்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு நாள் காலை 5 மணிக்கு எழுந்திருப்பாயா?" வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிடுவார்கள், அதனால் நேரில் கேளுங்கள். காட்டிலும் இரவில் சத்தமாகப் பாட்டுப் போட்டு ஆட வேண்டும் என்று நினைக்கும் நண்பர் இருந்தால் அவரை மைசூரோடு திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். வருத்தப்படுவார்தான். ஆனால் அவரைக் காட்டுக்குள் அழைத்துப்போய் வாயை மூடச் சொல்வதைவிட அது எளிது.

பொறுப்பை மூன்று பேருக்குப் பிரியுங்கள்: ஒருவர் முன்பதிவு, ஒருவர் பணம், ஒருவர் நேரம். மூன்றாவது ஆள்தான் முக்கியம். "கிளம்பலாம்" என்று அவர் சொன்னால் புடவைக் கடையாக இருந்தாலும் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

2. மாதமும் கிழமையும்

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை என் தேர்வு. மழை ஓய்ந்து, பச்சை மிச்சமிருக்கும். இரவில் நன்றாகக் குளிரும். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையுள்ள விடுமுறை நாட்களை மட்டும் தவிருங்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீரைத் தேடி வருவதால் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதே வறட்சிதான் காட்டுத்தீயையும் கொண்டுவருகிறது. தீ அபாயம் கூடும்போது வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரி முழுவதும் கூட்டம். தசரா நாட்களில் மைசூரில் அறை வாடகை எகிறும். தசராவைப் பார்ப்பது தனிப் பயணம், அதைக் காட்டோடு சேர்க்காதீர்கள்.

கிழமைக் கணக்கு இதைவிட முக்கியம். சனிக்கிழமை கிளம்பி புதன்கிழமை திரும்புங்கள். மைசூர் அரண்மனையின் விளக்கு அலங்காரம் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும்தான். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. வார இறுதியில் நகரத்தில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காட்டுக்குப் போனால் பெங்களூரிலிருந்து வந்த கார்களெல்லாம் அப்போது திரும்பிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள்.

3. பதிவு செய்யும் வரிசை: காடு, ரயில், நகரம்

பெரும்பாலானவர்கள் முதலில் ரயில் டிக்கெட்டைப் போட்டுவிட்டுக் காட்டில் அறை தேடுவார்கள். அப்போது கிடைப்பது மிச்சம் மீதிதான்.

முதுமலையில் வனத்துறைக்கே ஓய்வு விடுதிகள் உண்டு. தெப்பக்காட்டில் மாயாற்றங்கரையில் சில்வன் லாட்ஜ், கூடலூர்ச் சாலையில் கார்குடி, அபயாரண்யம் என்று சில இடங்கள். சில இடங்களில் கூட்டமாகத் தங்கும் பெரிய அறைகளும் இருக்கின்றன. முன்பதிவு முதுமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில். அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். வெந்நீர் வாளியில் வரலாம். ஆனால் வாசலில் புள்ளிமான் நிற்கும். என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான மசினகுடியில் தனியார் விடுதி.

தனியார் விடுதி என்றால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் நடக்கும் வழி. அந்த வழித்தடத்தில் முளைத்த விடுதிகள் மீது பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2018-இல் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். யானை வழித்தடத்தை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆகவே இணையத்தில் அழகான படத்தைப் பார்த்ததும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசியில் இரண்டே கேள்வியில் ஆளை எடை போட்டுவிடலாம். "இரவில் சஃபாரி உண்டா?", "தீமூட்டி உட்காரலாமா?" என்று கேளுங்கள். "எல்லாம் செய்து தருகிறோம் சார்" என்று பதில் வந்தால் போனை வையுங்கள். இரவுச் சஃபாரி என்று எதற்கும் அங்கே அனுமதி கிடையாது. சட்டப்படி நடத்துகிறவர் "அதெல்லாம் கிடையாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வார். அவரிடம் பதிவு செய்யுங்கள்.

காட்டு அறை உறுதியானதும் ரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் புறப்படும் வந்தே பாரத் மதியத்துக்குள் மைசூர் சேர்த்துவிடும். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் இதுதான், 2022 நவம்பரில் தொடங்கியது. காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் காவேரி எக்ஸ்பிரஸ்: இரவு ஏறினால் காலையில் மைசூர். எட்டு டிக்கெட்டையும் ஒரே கணக்கில் எடுக்க முயன்று தடுமாறாதீர்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் இடம், எனவே நான்கு நான்காக எடுங்கள்.

நகரத்து அறை கடைசி. மைசூரில் எல்லா விலைக்கும் அறை உண்டு. ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை வரையுள்ள பகுதியில் எடுத்தால் பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம்.

பிறகு இ-பாஸ். நீலகிரி மாவட்டத்துக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. ஊட்டிக்குத்தானே, நாம் முதுமலைக்கல்லவா போகிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. கர்நாடகப் பக்கமிருந்து வரும்போது கக்கநல்லா சாவடியைத் தாண்டினாலே நீலகிரி. விண்ணப்பிக்க வண்டி எண் தேவைப்படும் என்பதால் வாடகை வண்டிக்காரரிடம் அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் விதித்திருக்கிறார்கள்.

பந்திப்பூரிலும் ஒரு சஃபாரி போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகலாம், ஆனால் நடக்கிறதா என்று அந்த வாரத்தில் விசாரித்த பிறகு. புலி தாக்கி மனிதர்கள் இறந்ததைத் தொடர்ந்து 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்தி வைத்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஒரே நாளில் வரும்.

4. பணம்

பொது நிதி ஒன்று வையுங்கள். கிளம்பும் முன்பே தலைக்கு ஒரே தொகையை வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வண்டி, அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் அதிலிருந்து. பட்டுப் புடவை, மைசூர்பாகு, சந்தன சோப்பு அவரவர் கைக்காசு. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கணக்கைச் சத்தமாக வாசித்துவிட்டால் நட்பில் கீறல் விழாது. ரொக்கமாகக் கொஞ்சம் தனியே இருக்கட்டும். மசினகுடியில் சிக்னல் விட்டு விட்டு வரும், பணம் செலுத்தும் செயலியும் அதோடு சேர்ந்து விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.

5. மூட்டை

ஒருவருக்கு ஒரு பை. பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் இரண்டு சட்டை. வெள்ளையும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் மைசூருக்கு இருக்கட்டும். முழுநீளக் கால்சட்டை, முழங்காலைத் தொடும் காலுறை. அந்தப் புல்லில் உண்ணி அதிகம், கடித்துவிட்டால் ஒரு வாரம் அரிக்கும். காதை மூடும் குல்லாய் ஒன்று. விடியற்காலையில் திறந்த வண்டியில் காற்று அறையும். டார்ச் விளக்கு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்க மட்டும், விலங்கு தேட அல்ல. வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து வாருங்கள். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் கூடலூருக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும்.

ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் கட்டாயம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடையில் விற்கும் தண்ணீர்ப் பாட்டிலும் அதில் அடங்கும். சாவடியில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள். பாட்டுப் பெட்டியும் டிரோனும் வீட்டிலேயே தூங்கட்டும்.

6. மைசூர்: சனி, ஞாயிறு

நகரத்தில் கூட்டத்தை அவிழ்த்து விடுங்கள். எட்டுப் பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே தேவையில்லை. காட்டில் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டுதானே இருக்கப் போகிறீர்கள். ஒருவன் ரயில் அருங்காட்சியகம் போகட்டும், ஒருத்தி தூங்கட்டும், இரண்டு பேர் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் போகட்டும். சேர வேண்டிய இடங்கள் மூன்றுதான்.

முதலாவது, சனிக்கிழமை மாலை தேவராஜா மார்க்கெட். நூறாண்டுகளைத் தாண்டிய சந்தை. குங்குமமும் மஞ்சளும் வண்ணப் பொடிகளும் கூம்பு கூம்பாகக் குவிந்திருக்கும். படம் எடுப்பவர்களால் அந்தச் சந்து எப்போதும் அடைத்துக்கொள்ளும். அவர்களைத் தாண்டிப் பூக்கடை வரிசைக்குப் போங்கள். மைசூர் மல்லிகையின் வாசனை அறையை நிறைக்கும். தமிழிலேயே பேரம் பேசலாம், பெரும்பாலான கடைக்காரர்களுக்குப் புரியும். மைசூர்பாகு வாங்குவதானால் ஞாயிறு இரவு வாங்குங்கள். சனிக்கிழமை வாங்கியது ஞாயிற்றுக்கிழமைக்குள் காலியாகிவிடும், அனுபவம்.

இரண்டாவது, ஞாயிறு காலை சாமுண்டி மலை. அடிவாரத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். விடியும் முன் ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம். வழியில் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி, 1659-இல் தொட்ட தேவராஜ உடையார் செய்வித்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸில் மேலே போய்ப் படி வழியே நந்தி வரை இறங்கி வந்து மற்றவர்களைச் சந்திக்கலாம். இந்தப் படிகளை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். ஞாயிறு 5 மணிக்கு எழுந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை 5 மணி கடினமாக இருக்காது. இறங்கியதும் நசர்பாத் பக்கம் மைலாரி தோசை. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள், எது அசல் என்று ஊர்க்காரர்களே சண்டை போடுவார்கள். விரலில் ஒட்டும் அளவுக்கு மெத்தென்ற தோசை, மேலே வெண்ணெய்க் கட்டி. மொறுமொறுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

மூன்றாவது, அரண்மனை. பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போனால் 5.30-க்கு மூடும் வரை நிதானமாகப் பார்க்கலாம். பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு திருமண விழாவின்போது எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைத்த இப்போதைய கட்டடம் 1912-இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கை வைத்தவர் அவர். பாரிமுனையில் பார்த்துப் பழகிய கும்மட்டங்களின் உறவினர்கள் இங்கேயும் நிற்பதைக் கவனிக்கலாம். செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால் கழற்றச் சுலபமானதைப் போட்டு வாருங்கள். 5.30-க்கு வெளியே வந்து, ஏதாவது கொறித்துவிட்டு, 7 மணிக்கு முன்பே மறுபடி வளாகத்துக்குள் நில்லுங்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே கணத்தில் எரியும்போது கூட்டத்திலிருந்து எழும் அந்த "ஓ" சத்தத்துக்காகவே எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும். எங்கள் புடவை நண்பன் அந்த நேரம் பார்த்துப் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தான்.

ஞாயிறு இரவே வண்டிக்காரரிடம் பேசி, காலை 8 மணிக்கு வண்டி வாசலில் நிற்கும்படி சொல்லிவிடுங்கள்.

7. திங்கள்: வழி

மைசூரிலிருந்து தெப்பக்காடு சுமார் 95 கிலோமீட்டர். நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், கக்கநல்லா, தெப்பக்காடு. வலப்பக்கம் திரும்பினால் கூடலூர், இடப்பக்கம் மசினகுடி. மூன்று மணி நேரத்தில் போகலாம். ஆனால் அன்று முழுவதும் இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சன்கூட்டில் கபினிக் கரையில் உள்ள ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு மணி நேரம் நிற்கலாம். அந்த ஊர்ப் பெயரில் புகழ்பெற்ற ரசபாளே வாழைப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இப்போது பயிரிடுகிறவர்கள் குறைவு.

குண்டலுப்பேட்டைதான் கடைசி ஊர். டீசல், பணம், மருந்து, கழிப்பறை எல்லாவற்றையும் இங்கே முடியுங்கள். அங்கிருந்து காட்டு எல்லை வரை சாலையோரம் வயல்கள். ஜூலை வாக்கில் போனால் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் மஞ்சளாய் விரிந்திருக்கும். படம் எடுக்கக் காசு கேட்பார்கள், கொடுங்கள், அவர்கள் வயல்தானே.

காட்டு எல்லைக்குள் நுழைந்ததும் ஓட்டுநருக்கும் கூட்டத்துக்கும் ஒரே விதி: வண்டி நிற்காது. மானுக்கு நிற்காது, மயிலுக்கு நிற்காது, சிறுநீருக்கும் நிற்காது. நின்றால் அபராதம். குரங்குக்குப் பிஸ்கட் எறிந்தாலும் அப்படியே. யானை சாலையில் நின்றால் மட்டும் நிற்க வேண்டும், நன்றாகத் தள்ளி. ஹாரன் கூடாது, முன்விளக்கைச் சிமிட்டக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. எதிரே வரும் வண்டிக்கு வழியை அடைக்காமல் நில்லுங்கள். பின்னால் நகர வேண்டிய தேவை வரலாம். யானை காதை விசிறிக்கொண்டு புல்லைத் தின்றுகொண்டிருந்தால் அது தன் பாட்டில் இருக்கிறது. காதை விறைப்பாக விரித்து, வாலைத் தூக்கி, நம்மை நேராகப் பார்த்தால் பின்வாங்குங்கள்.

இந்தச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009-இல் வந்த தடை. வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் எண்ணிக்கைதான் காரணம். எங்கள் 9.07-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பகல் 1 மணிக்குள் காட்டு விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தால் எந்தப் புடவையும் உங்களைக் கவிழ்க்காது.

8. முதுமலை: திங்கள் மாலை முதல் புதன் காலை வரை

முதுமலை 1940-இல் சரணாலயமானது, தென்னிந்தியாவிலேயே முதலாவது. 2007-இல் புலிகள் காப்பகம். மைய வனம் 321 சதுர கிலோமீட்டர். பந்திப்பூரும் வயநாடும் இதை ஒட்டியே இருப்பதால் விலங்குகளுக்கு மூன்று மாநிலமும் ஒரே காடு.

திங்கள் மாலை தெப்பக்காடு யானை முகாம். உணவு கொடுக்கும் நேரத்தைப் போய்ச் சேர்ந்ததுமே வரவேற்பு மையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். வழக்கமாக மாலை 5.30-ஐ ஒட்டி இருக்கும். அரை மணி முன்னதாகப் போனால் கவளம் பிடிப்பதைப் பார்க்கலாம். ராகிக் களி, சோறு, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்து இரண்டு கையாலும் அடித்து அடித்துச் செங்கல் போல உருட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு தனி. வயது, எடை, மருத்துவர் சொன்னது எல்லாம் அதில் கணக்கு. யானை வரிசையில் வந்து நின்று வாயைத் திறக்கும். பாகன் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கவளத்தை வைத்துவிட்டு எடுப்பார். பாகன்களில் பலர் குறும்பர் பழங்குடியினர். அப்பா பார்த்த யானையை மகன் பார்க்கிறார். கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள், ஆனால் உணவு கொடுக்கும்போது கேட்காதீர்கள். எங்களைப் போலவே வந்திருந்த ஒருவர் தன் குழந்தையை யானையோடு நிற்க வைத்துப் படமெடுக்கத் துடித்தார். பாகன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதுக்குப் பசிக்குது சார்" என்றார்.

இரவு 7 மணிக்கு மேல் விடுதியைவிட்டு வெளியே வராதீர்கள். மசினகுடியில் தெருவிலேயே யானை நடக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்கு 50 அடி நடக்க வேண்டுமென்றாலும் விடுதி ஆள் ஒருவரோடு சேர்ந்து போங்கள். ஜீப் ஓட்டுநர் யாராவது மெதுவாக வந்து, "ராத்திரி ஒரு ரவுண்டு போகலாமா, கரடி காட்டுகிறேன்" என்பார். மாட்டினால் அபராதம் உங்களுக்கும்தான். மாட்டாவிட்டாலும் அந்த விளக்கொளி கரடிக்குத் தொல்லை.

செவ்வாய் காலை சஃபாரி. வனத்துறை வண்டிகள் தெப்பக்காட்டிலிருந்து காலை 6.30 வாக்கில் தொடங்கும், பிற்பகலிலும் உண்டு. கூட்டம் எட்டு என்பதால் ஜீப் என்றால் இரண்டு பிடிக்கும், சிறிய பஸ் என்றால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம். நான் பஸ்ஸையே சொல்வேன். சுமார் ஒரு மணி நேரம்தான். காப்பி குடிக்க வேண்டாம், திரும்பி வந்து குடியுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். போனை ஒலியில்லாமல் வையுங்கள், அலாரத்தையும் சேர்த்து.

எப்படிப் பார்ப்பது என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. விலங்கைத் தேடாதீர்கள், மானைப் பாருங்கள். எங்கள் சஃபாரியில் முதல் அரை மணி நேரம் லாண்டானா என்னும் உண்ணிச் செடிப் புதரும் தேக்கும்தான். பிறகு ஒரு வெட்டவெளியில் இருபது புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஒரு பெண்மான் தலையைத் தூக்கி, முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டியது. அடுத்தது தட்டியது. அரை நிமிடத்தில் இருபது தலையும் ஒரே திசையில் திரும்பி அசையாமல் நின்றன. மரத்தின் மேலிருந்து மந்தி ஒன்று இருமுவதுபோல் கத்தியது. புதரில் ஏதோ இருக்கிறது, அது நகர்கிறது என்பதை மான்களின் மூக்கு திரும்புவதை வைத்தே நாங்கள் பின்தொடர்ந்தோம். இடமிருந்து வலம், மெதுவாக. கடைசி வரை அது வெளியே வரவில்லை. சிறுத்தையாக இருக்கலாம் என்றார் ஓட்டுநர். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. பாட்டுப் பெட்டி கொண்டுவர முடியாததற்கு முந்தின இரவு வரை முணுமுணுத்தவனும்கூட.

காட்டெருமை, யானை, மயில், மலை அணில், கடமான் ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். செந்நாய்க் கூட்டம் கிடைத்தால் யோகம். புலி என்ற சொல்லைக் கிளம்பும்போதே கூட்டத்தில் தடை செய்துவிடுங்கள்.

செவ்வாய் மிச்ச நேரத்துக்குத் திட்டம் போடாதீர்கள். எல்லோருடைய கையும் உடனே ஏதாவது "இடம்" தேடும். வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து தூங்குங்கள், சீட்டு ஆடுங்கள், நான்கு மணிக்கு மசினகுடிக் கடைவீதியில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். காட்டுக்குள் நடைபயிற்சி போகலாமே என்று யாராவது எழுந்தால் உட்கார வையுங்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது குற்றம், ஆபத்தும் கூட. மது பற்றி நீதி சொல்ல நான் யாருமில்லை. ஆனால் காலி பாட்டில் ஒன்று உடைந்தால் யானையின் காலில்தான் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

9. புதன்: திரும்பும் வழி

வந்த வழியே மைசூர் திரும்பலாம், அது எளிது. ஆனால் மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியே ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முட்புதர்க் காடு மறைந்து குளிர் மலை வந்துவிடும், அது பார்க்க வேண்டிய காட்சி. பாதை செங்குத்தானது. தொடர் விபத்துகளால் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இந்த வழியே இறங்க அனுமதிப்பதில்லை. ஏறும்போதும் உங்கள் வண்டியை விடுகிறார்களா என்று முந்தின நாளே சாவடியில் கேளுங்கள். ஓட்டுநருக்கு மலைப்பாதைப் பழக்கம் இல்லையென்றால் வீம்பு வேண்டாம். கூடலூர், நடுவட்டம் வழி தூரம் அதிகம், ஆனால் அகலமான சாலை.

ஊட்டியில் மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குங்கள். கோடைக் கூட்ட நாட்களில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள், அதற்கும் நேரம் வையுங்கள். இரவில் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் சென்னை.

வண்டியை மைசூரில் அமர்த்தியிருந்தால் ஒரு செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். உங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் அன்றிரவே வீடு திரும்ப முடியாது. முதுமலை வழியும் 9 மணிக்கு மூடிவிடும், சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை இருக்கிறது. அவருக்கு மேட்டுப்பாளையத்தில் ஓர் அறைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பொது நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.